கார்த்திகையின் இரவல் நீலம்

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்கும், பின்னர் ஆந்திர எல்லையைத் தாண்டித் திருப்பதிக்கும் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த கனகம்மாசத்திரம், வழிப்போக்கர் தங்கிச் செல்லும் சத்திரத்தைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர். ஆடிக் கிருத்திகையை ஒட்டிய நாள்களில் மலர்க்காவடி ஏந்தித் தணிகை மலைக்குச் செல்வோர் இவ்வழியே கடந்து போகின்றனர். அவர்கள் நோன்பு நோற்கும் நாளுக்குப் பெயர் கொடுத்தது வானில் குழுமியிருக்கும் ஒரு விண்மீன் கூட்டம். சரவணப் பொய்கையில் முருகனைப் பாலூட்டி வளர்த்த பெண்கள் அறுவர் எனப் புராணங்கள் கூறும் அக்கூட்டத்தைப் பழந்தமிழ் அறுமீன் என்றும் ஆரல் என்றும் அழைத்தது. நிறைமதி அறுமீனைச் சேரும் கார்த்திகை இரவில் விளக்கேற்றும் வழக்கத்தை அகநானூற்றின் 141ஆம் பாடலில் நக்கீரர் பதிவு செய்திருக்கிறார். தைத்திரீய சங்கிதை இவ்விண்மீன்களுக்கு ஏழு பெயர்கள் தருகிறது. அவற்றுள் அப்ரயந்தி, மேகயந்தி, வர்ஷயந்தி என்னும் மூன்றும் முகிலையும் மழையையும் குறிப்பவை.

அக்கூட்டத்தை உண்மையிலேயே ஒரு முகில் சூழ்ந்திருக்கிறது என்பதும், அம்முகில் நீல நிறமுடையது என்பதும் பிற்கால வானியல் கண்டறிந்தவை. தணிகை மலைக்கு நீலோற்பலகிரி என்னும் பெயர் உண்டு. இந்திரன் அங்கே சுனையில் நீலக் குவளையை வளர்த்து முருகனை வழிபட்டான் என்பது தலபுராணச் செய்தி. முகிலைக் குறிக்கும் வேதப் பெயர்களையும் நீலத்தைக் குறிக்கும் மலைப்பெயரையும் அடுக்கி, முன்னோர் இதனை முன்பே அறிந்திருந்தனர் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் அது பிழை. தொலைநோக்கியும் ஒளிப்படத் தகடும் இன்றி அந்த நீலத்தை மனிதக் கண் காண இயலாது. அந்த மங்கிய ஒளியைக் கண்டு, அது யாருடைய ஒளி என்று கேட்டு, விடை காண்பதற்கு 1859 முதல் 1949 வரை ஏறத்தாழ 90 ஆண்டுகள் பிடித்தன. அவ்வரலாற்றின் கடைசிக் கட்டத்தில் சென்னையில் படித்து வளர்ந்த ஒருவரின் கணிதம் நடுநாயகமாக நிற்கிறது. முன்னோருக்கு இல்லாத பெருமையைச் சூட்டுவதைவிட, இந்த உண்மையான பங்கை அறிந்து கொள்வதே தமிழருக்குப் பயனுடையது.

1859 அக்டோபர் 19ஆம் நாள் இரவு, வெனிஸ் நகரில் வாழ்ந்த வில்லெம் டெம்பெல் என்னும் ஜெர்மானியர், தம் சொந்தத் தொலைநோக்கி வழியே கார்த்திகைக் கூட்டத்தை நோக்கியபோது, மெரோப்பி என்று மேலைநாட்டார் பெயரிட்டிருந்த விண்மீனின் தெற்கே மங்கலான ஒரு திட்டைக் கண்டார். கல்லச்சில் ஓவியம் வரைவதைத் தொழிலாகவும் வால்மீன் தேடுவதை வேட்கையாகவும் கொண்டிருந்த அவர், முதலில் அதனையும் ஒரு வால்மீன் என்றே எண்ணினார். மறுநாளும் அது இடம் பெயராமல் நின்றதால் அது விண்மீன்களோடு நிலைத்திருக்கும் ஓர் ஒண்முகில், அதாவது நெபுலா, என உணர்ந்தார். கண்ணாடியின்மேல் மூச்சுப் பட்டுப் படிந்த மங்கலைப் போன்றது என்பது அவர் தந்த வருணனை. அவருடையதைவிடப் பெரிய தொலைநோக்கிகளை வைத்திருந்தோர் பலர் அதனைக் காண முடியவில்லை என்று மறுத்தனர். பெரிய கருவிகளின் குறுகிய பார்வைப்புலத்தில் முகிலின் விளிம்பும் அதற்கு வெளியே உள்ள இருளும் ஒருசேரத் தென்படாமையால், ஒப்பிட்டுக் காண வழியின்றி முகிலே மறைந்து போனது அதற்கு ஒரு காரணம். எளிய கருவி வைத்திருந்த கைவினைஞர் ஒருவரின் கண்ணை ஒளிப்படத் தகடு பின்னாளில் மெய்ப்பித்தது: 1885இல் பாரிசில் ஆன்றி சகோதரர்கள் எடுத்த படத்தில் மாயா என்னும் விண்மீனைச் சுற்றியும், அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஐசக் ராபர்ட்ஸ் எடுத்த படத்தில் கூட்டத்தின் பெரும்பகுதியைச் சுற்றியும், சீவிய பஞ்சு இழைகளைப் போன்ற முகிற்கீற்றுகள் பதிந்திருந்தன.

முகில் இருப்பது உறுதியான பின், அதன் ஒளி எங்கிருந்து வருகிறது என்னும் வினா எஞ்சியது. 1864இல் லண்டனில் வில்லியம் ஹக்கின்ஸ் வேறொரு ஒண்முகிலின் ஒளியை நிறமாலைக் கருவியால் பிரித்தபோது, வானவில் போன்ற தொடர்ச்சியான வண்ணப்பட்டைக்கு மாறாகத் தனித்தனியான சில ஒளிக்கோடுகள் மட்டுமே தெரிந்தன. வெப்பமேறி ஒளிரும் வளிமங்கள்தாம் அவ்வாறு கோடுகளாக ஒளிரும் என்பதால், ஒண்முகில்கள் தாமே ஒளிரும் வளிமத் திரள்கள் என்னும் கருத்து வலுப்பெற்றது. கார்த்திகையின் முகிலும் அவ்வாறே இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அது மிக மங்கலானது. அதன் ஒளியைப் பட்டகத்தால் மேலும் விரித்துப் பதிவு செய்வதற்கு அசாத்தியமான பொறுமை தேவைப்பட்டது.

அரிசோனாவின் லோவெல் வானாய்வகத்தில் பணியாற்றிய வெஸ்டோ ஸ்லைஃபர் 1912 டிசம்பர் இறுதியில், ஒரே தகட்டை அடுத்தடுத்த இரவுகளில் திறந்து வைத்து, மொத்தம் 21 மணி நேரம் மெரோப்பியின் முகிலொளியைச் சேகரித்தார். தகட்டில் ஒளிக்கோடு ஒன்றும் இல்லை. மாறாக, மெரோப்பி விண்மீனின் நிறமாலையே மங்கிய படியாக அங்கே பதிந்திருந்தது: அதே தொடர்ச்சியான பட்டை, அதில் ஐட்ரசனும் ஈலியமும் ஒளியை உட்கவர்ந்ததால் தோன்றும் அதே கருங்கோடுகள். நிலவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் சூரியனுக்குரிய கருங்கோடுகளே தெரியும். அதைக் கொண்டு நிலவின் ஒளி கதிரவனிடம் வாங்கிய ஒளி என்று உறுதி செய்யலாம். அதே தருக்கத்தைக் கார்த்திகைக்குப் பொருத்திய ஸ்லைஃபர், முகிலுக்கென்று சொந்த ஒளி இல்லை, அருகிலுள்ள விண்மீனின் ஒளியைச் சிதைவுற்ற நுண்பொருள் திரள் வாங்கித் திருப்பி விடுகிறது என்று அறிவித்தார். எதிரொளிப்பு ஒண்முகில் என்னும் வகை வானியலில் பிறந்தது அந்தக் குளிர்கால இரவுகளில்தான். அதே அறிக்கையில் அவர், ஆந்திரமேடா ஒண்முகிலும் இவ்வாறே ஒரு நடுவிண்மீனின் ஒளியைத் திருப்பி விடும் திரளாக இருக்கலாம் என்றும் கருத்துரைத்தார். அது பல்லாயிரம் கோடி விண்மீன்கள் கொண்ட தனி விண்மீன் பேரடை எனப் பின்னர் தெளிவாயிற்று. சரியாகப் படித்த ஒரு நிறமாலையிலிருந்து தவறான ஊகம் பிறந்ததால், படித்த நிறமாலையின் மதிப்பு குறைந்து விடவில்லை.

அடுத்த ஆண்டே டென்மார்க்கைச் சேர்ந்த ஐனார் ஹெர்ட்ஸ்பிரங் முகிலின் பொலிவை அளந்து, விண்மீனின் ஒளியைத் திருப்புவதால் மட்டுமே அத்தனை பொலிவு கிடைக்கக்கூடும் என்று காட்டினார். 1922இல் எட்வின் ஹப்பிள், பல ஒண்முகில்களையும் அவற்றுக்கு அருகிலுள்ள விண்மீன்களையும் ஒப்பிட்டு இரு முடிவுகளுக்கு வந்தார். விண்மீன் எவ்வளவு பொலிவுடையதோ அதற்கேற்பவே முகில் ஒளிரும் எல்லை விரிகிறது என்பது ஒன்று. மிக அதிக வெப்பமுடைய விண்மீன்களைச் சூழ்ந்தவை புறவூதாக் கதிரால் தூண்டப்பட்டுத் தாமே கோடுகளாக ஒளிர்கின்றன, அதனினும் சற்றே வெப்பம் குறைந்தவற்றைச் சூழ்ந்தவை ஒளியைத் திருப்பி மட்டுமே விடுகின்றன என்பது மற்றொன்று. கார்த்திகையின் விண்மீன்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

எதிரொளிப்பு என்ற பெயர் நிலைத்து விட்டாலும், அங்கே நடப்பது கண்ணாடி முகத்தைக் காட்டுவது போன்ற செயலன்று. அதன் சரியான பெயர் ஒளிச்சிதறல், அதாவது ஒரு திசையில் வரும் ஒளியை நுண்துகள் வாங்கிப் பல திசைகளிலும் இறைத்து விடுதல். இதனைக் காண வானாய்வகம் தேவையில்லை. பூசை அறையில் ஊதுவத்தியின் நுனியிலிருந்து எழும் புகை, இருண்ட மூலையின் எதிரே நீலமாகத் தெரியும். அதே புகையை வெயில் பாயும் சன்னலுக்கு எதிரே வைத்து நோக்கினால் பழுப்பாகத் தெரியும். புகையின் துகள்கள் மிகச் சிறியவை. அலைநீளம் குறைந்த நீல ஒளியை அவை மிகுதியாகப் பக்கங்களுக்குச் சிதறடிக்க, நேர்க்கோட்டில் தப்பி வரும் ஒளியில் செம்மை மிஞ்சுகிறது. பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நீலம், ஒளிக்கு எதிரே நின்று பார்ப்பவருக்குச் செம்பழுப்பு. விண்மீனின் அருகில் உள்ள தூசு நமக்கு நீல முகிலாகத் தோன்றுவதும், தூசின் பின்னே உள்ள விண்மீன் மங்கிச் சிவந்து தோன்றுவதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். மார்கழி விடியலில் நெடுஞ்சாலை வண்டிகளின் முகப்பு விளக்கைச் சுற்றி நிற்கும் பனிமூட்டம் மட்டும் ஏன் வெண்மையாக இருக்கிறது என்றால், பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. பெரிய துளிகள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒன்று போலவே சிதறடிக்கின்றன. ஆகவே சிதறிய ஒளியின் நிறம் துகளின் அளவைச் சொல்லும் முழக்கோல் ஆகிறது.

காற்று மூலக்கூறுகளைப் போல அலைநீளத்தைவிட மிக மிகச் சிறிய பொருள்களால் நிகழும் சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது 1871இல் ராலே பிரபு கண்ட விதி. 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா ஒளி 700 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட 9 மடங்குக்கும் மேலாகச் சிதறுவதும், பகல் வானம் நீலமாக இருப்பதும் அவ்விதியின் விளைவுகள். விண்மீன்களுக்கு இடையே உள்ள தூசுத் துகள்களோ ஏறத்தாழ 100 நானோமீட்டரை ஒட்டியவை, அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்கவை. ஆதலால் அவற்றின் சிதறலில் நீலத்துக்கான சார்பு உண்டு, ஆனால் வானத்தில் உள்ள அளவு இல்லை. கார்த்திகை முகில் அவ்வளவு ஆழ்ந்த நீலமாக இருப்பதற்கு விண்மீன்களே வெப்பம் மிக்க நீல விண்மீன்களாக இருப்பதும் ஒரு காரணம். செந்நிறமுடைய கேட்டை விண்மீனைச் சூழ்ந்த தூசு முகில் மஞ்சள் கலந்த நிறத்தில் ஒளிர்கிறது. கடன் கொடுத்தவரின் நிறம் கடனிலும் தெரிகிறது.

இத்தூசு எவ்வளவு அரிதானது என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பு மிகும். விண்மீனிடை வெளியில், நீளமும் அகலமும் உயரமும் 100 மீட்டர் கொண்ட ஒரு கனசதுரத்தில் ஏறத்தாழ ஒரு துகள் என்ற அளவிலேயே அது பரவியிருக்கிறது. மனிதர் உருவாக்கிய எந்த வெற்றிடமும் அத்தனை தூய்மையானதன்று. ஆயினும் ஒளி பல ஒளியாண்டுகள் கடந்து வருவதால் அந்தச் சொற்பமும் கூடிக் கூடித் திரையாகி விடுகிறது. 1930இல் லிக் வானாய்வகத்தின் ராபர்ட் டிரம்ப்ளர், கார்த்திகையைப் போன்ற விண்மீன் கூட்டங்கள் பலவற்றின் தொலைவைப் பொலிவைக் கொண்டும், தோற்ற அளவைக் கொண்டும் தனித்தனியே கணித்து, தொலைவு கூடக்கூடப் பொலிவு எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் குறைவதைக் கண்டு, இடைவெளி முழுதும் தூசு நிறைந்திருப்பதை மெய்ப்பித்தார். அவர் அளந்த மங்கல் ஒவ்வோர் ஆயிரம் பார்செக் தொலைவுக்கும், அதாவது 3,260 ஒளியாண்டுகளுக்கும், ஏறத்தாழ 0.7 ஒளிப்பொலிவெண். 1861 முதல் 1891 வரை நுங்கம்பாக்கத்துச் சென்னை வானாய்வகத்தை நடத்திய நார்மன் போக்சன் அதற்கு முன்பே வரையறுத்திருந்த அளவுகோல்தான் அந்த ஒளிப்பொலிவெண்: 5 படி வேறுபாடு 100 மடங்கு பொலிவு வேறுபாட்டுக்குச் சமம்.

தூசு இருக்கிறது, அது ஒளியைச் சிதறடிக்கிறது என்பதற்கு அப்பால், அது எத்தகையது என்று அறிவதற்கு ஒளியின் இன்னொரு பண்பு கை கொடுத்தது. ஒளி அலையின் அதிர்வு, அது செல்லும் திசைக்குக் குறுக்கே எல்லாப் பக்கங்களிலும் சமமாக நிகழ்வது இயல்பு நிலை. ஏதேனும் ஒரு தளத்தில் அதிர்வு மிகுந்திருந்தால் அதனைத் தளவிளைவு என்பர். சிதறிய ஒளியில் தளவிளைவு தோன்றும். இப்பண்பைக் கொண்டு, ஓர் ஒளி எங்கிருந்து வருகிறது என்னும் வினாவைத் தீர்க்கலாம் என்று மிக நேர்த்தியாகக் காட்டியவர் திருச்சிராப்பள்ளி திருவானைக்காவலில் பிறந்த ச. வெ. இராமன். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும் வழியில், கடலின் நீலம் வானத்தின் நீலத்தை நீர்ப்பரப்பு எதிரொளிப்பதால் வருவது என்று ராலே கூறியிருந்ததைச் சோதிக்க எண்ணி, நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்முன் வைத்து, நீர்ப்பரப்பிலிருந்து எதிரொளித்து வரும் தளவிளைவுற்ற ஒளியை மட்டும் அணைத்துப் பார்த்தார். வானத்தின் நிழல் அகன்ற பின்னும் கடல் நீலமாகவே இருந்தது. நீரின் மூலக்கூறுகளே கதிரொளியைச் சிதறடிக்கின்றன என்பது உறுதியாயிற்று. ஸ்லைஃபர் முகிலைப் பற்றிக் கேட்ட வினாவும் இராமன் கடலைப் பற்றிக் கேட்ட வினாவும் ஒன்றே, விடைகள்தாம் நேரெதிர். முகிலின் ஒளி இரவல் எனத் தெரிந்தது; இரவல் என்று கருதப்பட்ட கடலின் நிறம் அதற்கே உரியது எனத் தெரிந்தது.

இராமனின் தமையனார் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே காம்ப்டன் சிதறலைப் பற்றி எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. எலெக்ட்ரானின்மேல் மோதி எக்ஸ் கதிர் சிதறுவதே அவ்விளைவு. 1930இல் கேம்பிரிட்ஜ் சென்று, 1937இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் அவர் சேர்ந்தபோது, எதிரொளிப்பு ஒண்முகில் ஆராய்ச்சிக்கு உலகிலேயே முதன்மையான இடமாக அது விளங்கியது. அங்கிருந்த லூயிஸ் ஹென்யேயும் ஜெஸ்ஸி கிரீன்ஸ்டைனும் 1941இல், தூசுத் துகள் ஒளியை எந்தத் திசையில் எவ்வளவு இறைக்கிறது என்பதை ஒரே ஓர் எண்ணால் குறிக்கும் எளிய சமன்பாட்டைத் தந்தனர். அவ்வெண் 0 என்றால் எல்லாத் திசைகளிலும் சமம், 1ஐ நெருங்கினால் பெரும்பாலும் முன்னோக்கியே. தூசின் இயல்புக்கு அது ஏறத்தாழ 0.5 முதல் 0.6 வரை. விண்தூசுக்கென எழுதிய அச்சமன்பாடு இன்று மனித உடலின் திசுக்களில் லேசர் ஒளி பரவுவதைக் கணிக்கவும், திரைப்படங்களுக்குக் கணினியில் முகில் வரையவும் பயன்படுகிறது.

சந்திரசேகர் எடுத்துக் கொண்டது இதனினும் கடினமான வேலை. ஒரு முறை சிதறிய ஒளி மீண்டும் மீண்டும் சிதறுமானால், ஒவ்வொரு சிதறலிலும் அதன் தளவிளைவு மாறுமானால், கடைசியில் வெளிவரும் ஒளி எப்படி இருக்கும்? ராலே காலத்திலிருந்து துல்லியமான தீர்வின்றிக் கிடந்த இக்கேள்வியை, தளவிளைவைக் குறிக்க 1852இல் ஸ்டோக்ஸ் வகுத்துப் பலரும் மறந்திருந்த நான்கு அளவுகளை மீட்டெடுத்துச் சமன்பாடுகளில் புகுத்தி, 1946 முதல் அவர் தீர்த்து வைத்தார். 1950இல் வெளிவந்த ‘ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்’ என்னும் அவருடைய நூல், ஒரு பொருளுக்குள் புகுந்த ஒளி உட்கவரப்பட்டும் சிதறியும் வெளியேறும் வழியைக் கணிப்பதற்கு இன்றளவும் அடிப்படை நூலாகப் பயிலப்படுகிறது. நோபெல் பரிசு 1983இல் அவருக்கு விண்மீன்களின் அமைப்பையும் படிமலர்ச்சியையும் ஆராய்ந்ததற்காகக் கிடைத்தது; அதனால் தமிழ் நூல்கள் பலவும் சந்திரசேகர் எல்லை என்னும் ஒன்றோடு அவரை முடித்து விடுகின்றன. அது பெருங்குறை. ஒளிச்சிதறலில் அவர் செய்த பணியை வேறொருவர் செய்திருந்தால், அதற்காக மட்டுமே அவர் போற்றப்பட்டிருப்பார்.

அப்பணியிலிருந்து கிளைத்த ஒரு கணிப்பு எதிர்பாராத இடத்துக்கு இட்டுச் சென்றது. மிக வெப்பமான விண்மீன்களின் மேலடுக்கில் எலெக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடிப்பதால், விண்மீன் வட்டத்தின் விளிம்பில் ஏறத்தாழ 11 விழுக்காடு வரை தளவிளைவு தோன்ற வேண்டும் என்று சந்திரசேகர் 1946இல் கணித்தார். விண்மீன் நமக்கு வெறும் புள்ளியாகத் தெரிவதால் விளிம்பின் எல்லாப் பக்கங்களும் கலந்து அவ்விளைவு அழிந்து போகும். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களில், துணை விண்மீன் வட்டத்தின் பெரும்பகுதியை மறைத்து விளிம்பை மட்டும் விடும் வேளையில் அது வெளிப்படக்கூடும். இதனைத் தேடிய வில்லியம் ஹில்ட்னரும் ஜான் ஹாலும் முதலில் சேர்ந்தும் பின்னர் தனித்தனியேயும் அளந்து, 1949இல் அடுத்தடுத்து முடிவுகளை வெளியிட்டனர். தளவிளைவு இருந்தது, ஆனால் மறைப்பு நிகழும் போதும் நிகழாத போதும் மாறாமல் இருந்தது, மறைப்பே இல்லாத தனி விண்மீன்களிலும் இருந்தது, தூசினால் மிகச் சிவந்த விண்மீன்களில் மிகுந்திருந்தது. அது விண்மீனில் பிறந்தது அன்று. வழியில் தூசு இட்ட முத்திரை. நீண்ட வடிவமுடைய தூசுத் துகள்கள் ஒரே ஒழுங்கில் வரிசைப்பட்டு நின்று, தம் நீளவாக்கில் அதிரும் ஒளியை மிகுதியாகத் தடுத்தாலன்றி இவ்வாறு நிகழாது. துகள்களை வரிசைப்படுத்துவது விண்மீன் பேரடையில் ஊடுருவியிருக்கும் காந்தப்புலம் என்று 1951இல் டேவிசும் கிரீன்ஸ்டைனும் விளக்கினர்.

தாம் தேடச் சொன்னது கிடைக்காமல் வேறொன்று கிடைத்ததைச் சந்திரசேகர் வீணாக்கவில்லை. என்ரிக்கோ ஃபெர்மியுடன் சேர்ந்து 1953இல் அவர் எழுதிய கட்டுரை, தளவிளைவின் திசைகள் எவ்வளவு ஒழுங்காக உள்ளன என்பதைக் கொண்டே காந்தப்புலத்தின் வலிமையைக் கணித்தது. இறுக்கிக் கட்டிய வீணைத் தந்தி எளிதில் வளையாது, தளர்ந்த தந்தி சிறு தட்டலுக்கும் நெளியும்; அதுபோல, காந்தப்புலம் வலுவாக இருந்தால் முகில்களின் கொந்தளிப்பு அதன் கோடுகளை அதிகம் நெளிக்க இயலாது. நெளிவின் அளவும் வளிமத்தின் அடர்த்தியும் கொந்தளிப்பின் வேகமும் தெரிந்தால் புலத்தின் வலிமை கிடைத்து விடும். அவர்கள் பெற்ற விடை, புவியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்கு. 100 மீட்டர் கனசதுரத்தில் ஒன்று என்ற அளவில் சிதறிக் கிடக்கும் தூசைக் கொண்டு, எவரும் சென்றடைய முடியாத வெளியின் காந்தப்புலத்தை அளந்த அம்முறை, ஈராசிரியர் பெயராலேயே இன்றும் வழங்கி, விண்மீன் பிறக்கும் முகில்களை ஆராய்வோரின் அன்றாடக் கருவியாக இருக்கிறது.

தூசு எப்பொருளால் ஆனது என்னும் வழக்கில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. அது பனிக்கட்டித் துகள் என்ற கருத்து நிலவிய காலத்தில், கொழும்பில் 1939இல் பிறந்த சந்திர விக்கிரமசிங்க, தம் ஆசிரியர் ஃபிரெட் ஹாயிலுடன் 1962இல் அதனைக் கிராஃபைட் என்னும் கரி வடிவமாகக் கருத வேண்டும் என்று வாதிட்டார். இன்று சிலிக்கேட் என்னும் மணல் இனத்துப் பொருள்களும் கரிமப் பொருள்களும் கலந்ததே விண்தூசு என்பது பொதுக்கருத்து. அத்தூசில் உயிர்களே உள்ளன என்று அவர்கள் பிற்காலத்தில் கூறியதை அறிவியல் உலகம் ஏற்கவில்லை. ஆயினும் கரிமத்தை முன்வைத்த தொடக்கப் பணியின் இடம் மாறவில்லை.

கார்த்திகையைப் பற்றிய ஒரு பழைய எண்ணமும் இதற்கிடையே மாறியது. அவ்விண்மீன்கள் பிறந்த முகிலின் எச்சமே இந்த நீலம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் கூட்டத்தின் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். அதற்குள் பிறப்பின் மிச்சம் கலைந்து போயிருக்க வேண்டும். மேலும், விண்மீன்களின் வேகத்தையும் முகிலின் வேகத்தையும் அளந்தபோது இரண்டும் ஒத்து வரவில்லை. தொடர்பற்ற ஒரு தூசு முகிலின் ஊடே கூட்டம் இப்போது கடந்து கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். சத்திரத்தைக் கட்டியவர் வேறு, அங்கே விளக்கேற்றித் தங்குபவர் வேறு. வழிப்போக்கர் அகன்றதும் சத்திரம் மீண்டும் இருண்டு விடும். மெரோப்பிக்கு வெகு அருகே 1890இல் எட்வர்ட் பர்னார்ட் கண்ட சிறு முகிற்றுணுக்கு, அவ்விண்மீனின் ஒளியழுத்தத்தால் தன் துகள்கள் பிரிக்கப்பட்டு இழையிழையாக இழுபடுவதை ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த படங்கள் காட்டின.

தமிழ்நாட்டு மண்ணிலிருந்து இவ்வானத்தை ஆராயும் வசதியை, சென்னையில் பிறந்த வைணு பாப்பு ஏற்படுத்தித் தந்தார். சவ்வாது மலையில் காவலூரில் 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கி, 1972இல் 102 சென்டிமீட்டர் கருவியும், அவர் மறைவுக்குப் பின் 1986இல் 234 சென்டிமீட்டர் கருவியும் அங்கே நிறுவப்பட்டன. புறவூதா ஒளியின் பெரும்பகுதி வளிமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. அதனைக் காணும் தொலைநோக்கியைத் தாங்கிய ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28ஆம் நாள், பழவேற்காட்டு ஏரியின் அக்கரையில் உள்ள சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. சிதறலின் இயல்பு புறவூதாவில் எப்படி மாறுகிறது என்பது இன்னும் முழுதும் தீராத கேள்வி.

கார்த்திகைத் திங்களில் விளக்கேற்றும் நாளில் நிறைமதி கூட்டத்தின் அருகிலேயே நிற்பதால், நிலவொளியில் அம்முகில் எந்தக் கருவிக்கும் எளிதில் தென்படாது. ஆடியிலோ கார்த்திகைக் கூட்டம் நள்ளிரவுக்குப் பின் கிழக்கில் எழுகிறது. ஆடிக் கிருத்திகை விடியலில் தேய்பிறையும் அதனருகே இருக்கும். ஒரு வாரம் கழித்து, அமாவாசையை ஒட்டிய இரவில், கனகம்மாசத்திரத்தின் சாலை விளக்குகளைத் தாண்டி வயல்வெளிப் பக்கம் வந்து, அதிகாலை 3 மணிக்குக் கிழக்கே நோக்குபவர் ஆறு விண்மீன்களை வெறுங்கண்ணாலேயே எண்ணலாம். நல்ல இருநோக்கி இருந்தால், ஆறாக எண்ணியவை பல பத்தாகப் பெருகும். நீலத்தைக் காண ஒளிப்படக்கருவியை முக்காலியில் நிறுத்தி, வானத்தின் சுழற்சியோடு திருப்பி, நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதில் பதியும் ஒளி ஏறத்தாழ 440 ஆண்டுகளுக்கு முன், பெனுகொண்டாவிலிருந்து விசயநகர அரசர்கள் ஆண்ட காலத்தில், அத்தூசிலிருந்து புறப்பட்டது.